கணவாய்க்குப் பக்கத்தில் கிறீம்

போன கிழமை கதையை விட்டபோது ஞாயிற்றுக்கிழமை. எங்கள் பேசாலை வீட்டு முற்றத்தில் ஒரு வான் நின்றது. என் தங்கை ஜெனிஸ்ராவைப் பெண் பார்க்கத் தாழ்வுபாட்டிலிருந்து வந்தவர்கள் அதற்குள் ஏறிக்கொண்டிருந்தார்கள். "யோசிச்சுச் சொல்லுறம்" என்று மாப்பிள்ளையின் தாய் மதலேனாள் மாமி கண்ணாடிக்குள்ளால் சொன்னார். வான் போய்விட்டது.

மற்றதெல்லாம் மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை. இந்த வாரத்துக்குத் தெரியவேண்டியது இவ்வளவுதான். ஒரு வானும் ஒரு பஸ்ஸும் வரும் என்று சொல்லியிருந்தார்கள். வான் மட்டும் வந்தது. பஸ்ஸில் வரவேண்டிய ஆண்கள் எல்லாரும் ஊர் அணியின் உதைபந்தாட்ட அரையிறுதி என்று மைதானத்துக்குப் போய்விட்டார்கள். என் மனைவி கிருஷாந்தினியோ பஸ்ஸுக்கும் சேர்த்துத்தான் புடிங் செய்யத் தொடங்கியிருந்தாள். கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த பால் கிறீம் பெட்டிகள் அத்தனையையும் வெட்டி, ஒரே சட்டியில் ஊற்றி முடித்த பிறகுதான் உதைபந்தாட்டச் செய்தி வந்து சேர்ந்தது.

வெட்டாத பெட்டி மாதக்கணக்கில் இருக்கும். வெட்டினால் மூன்று நாலு நாள்தான். ஞாயிறு இரவு அவள் இதைச் சொல்லும்வரை கிறீமைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. செவ்வாய்க்கிழமை விடிந்தபோது எனக்குத் தெரியாதது ஒன்றும் பாக்கியில்லை, ஏனென்றால் அதை நான் தின்றிருந்தேன். புட்டுக்கு மேல் கிறீம். பாணுக்கு மேல் கிறீம். நான் வேலை பார்க்கும் கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் சோற்றுப் பார்சலைத் திறந்தால், பருப்புக்குள்ளிருந்தும் அது என்னைப் பார்த்து முழித்தது. என் காற்சட்டைப் பொத்தான் திங்கள் மத்தியானமே பதவி விலகிவிட்டது.

அப்படியும் பெரிய சட்டி பாதிக்குக் குறையவில்லை.

"மிச்சத்தைப் பிறீசரில வைப்பம்" என்று கிருஷாந்தினி சொல்லியிருந்தாள். ஐஸ்கட்டித் தட்டுகளில் ஊற்றி உறையவைத்தால் வேண்டிய நேரம் ஒவ்வொரு கட்டியாக எடுக்கலாம் என்று போனில் பார்த்திருக்கிறாள். நல்ல யோசனை. பிறீசர் மட்டும்தான் யாகப்புவுடையது.

யாகப்பு என் தகப்பனார். வள்ளமும் வலையும் அவர் பெயரில். பிறீசரும் அப்படித்தான். அதில் அவர் பிடித்த கணவாய் மீன் நிறைந்திருந்தது. அதை ஏற்றிப் போகவேண்டிய அப்துல் ஹமீட் நானாவின் லொறி கியர் பெட்டி உடைந்து வவுனியாவில் நின்றது. கிருஷாந்தினி கணவாய்களுக்கு மேலே இடம் பிடித்து, பரிசோதனையாக இரண்டு தட்டுகளை வைத்தாள். இரவு பப்பா கடலால் வந்து, பிறீசரைத் திறந்து, இருட்டில் புதுக் கணவாயை அள்ளி மேலே போட்டிருக்கிறார்.

செவ்வாய் காலை கிருஷாந்தினி தட்டுகளை வெளியே எடுத்தாள். வெள்ளைக் கட்டி ஒவ்வொன்றின் நடுவிலும் கறுப்பாக ஒரு கண் இருந்தது.

"மாமா, இதென்ன?"

"கணவாய் மை பிள்ளை. ஒண்டும் செய்யாது. உடம்புக்கு நல்லது."

"புடிங்குக்கு நல்லதில்லை மாமா."

"அப்ப கறிக்குப் போடு" என்றார் பப்பா. அவருடைய அகராதியில் உலகத்துச் சாமான்கள் இரண்டே வகை. கறிக்குப் போடக்கூடியது, வள்ளத்துக்குப் பூசக்கூடியது.

இந்த நேரத்தில்தான் அம்மா குசினி வாசலில் வந்து நின்றார். என் அம்மா றஞ்சினி சத்தம் போடுகிற மனுஷி அல்ல. கொடுப்புக்குள் மறைத்துச் சிரிக்கவும் மாட்டார். வாசலில் வந்து நிற்பார். அது போதும்.

"நாளைக்கு விபூதிப் புதன்" என்றார்.

எங்கள் வீட்டில் இதற்குப் பொருள் உண்டு. விபூதிப் புதனில் தவக்காலம் தொடங்கினால் உயிர்த்த ஞாயிறு வரும்வரை இனிப்பு, கேக், புடிங் எதுவும் அம்மாவின் குசினிக்குள் வராது. சீனிப் போத்தல்கூட மேல் தட்டுக்கு ஏறிவிடும்.

"இரவுக்குள்ள இந்தக் கிறீம் இந்த வீட்டை விட்டுப் போகோணும். ஆனா ஒரு சொட்டும் கொட்டக் கூடாது" என்றார் அம்மா. "கொட்டினா, பிள்ளை, பெரியநாளைக்குப் பிறகு நீர் எடுத்து வைச்சிருக்கிற ஓடர் வேண்டாம். அதிபர் வீட்டுக்குச் சொல்லிவிடும். சாப்பாட்டுச் சாமானைக் கொட்டுற தொழில் எங்களுக்கு வேண்டாம்."

கிருஷாந்தினி பெரிய சட்டியை மூடி வைத்தாள்.

அந்த ஓடரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட அதிபரின் இரட்டைப் பிள்ளைகளுக்கு பெரியநாளாகிய ஈஸ்டருக்குப் பிறகு கோயிலில் முதல் நன்மை வாங்கும் நாள். விருந்துக்குப் புடிங் செய்து தரச்சொல்லி, இலுப்பைக்கடவையிலிருந்து இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஐந்தாறு மாதமே ஆன என் மனைவியிடம் வந்து கேட்டிருந்தார்கள். என் பெயரைச் சொல்லி, சுஜீவன் வீட்டில் என்று கேட்கவில்லை. யாகப்புவின் மருமகளிடம் என்றும் கேட்கவில்லை. "கிருஷாந்தினி நிற்கிறாவோ?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். அன்று இரவு அவள் அந்தக் கேள்வியை எனக்கு மூன்று தரம் நடித்துக் காட்டினாள்.

"ஆருக்காவது குடுத்தால் கொட்டுறது இல்லைத்தானே" என்றேன் நான், குடும்பத்துக்கு உதவி செய்கிற எண்ணத்தில்.

"ஆருக்கு?" என்றார் அம்மா.

யோசித்துப் பார்த்தேன். பேசாலை முழுக்க நாளைக்கு நெற்றியில் சாம்பலோடு ஒருசந்தி உபவாசம். ஹமீட் நானாவுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, இண்டைக்கு நாளைக்குப் பிறை கண்டா நோன்பு. என்ர மனுசி றாபியா கஞ்சிக்கு அரிசி அளந்துகொண்டு இருக்கிறா" என்றார் நானா. "கிறீம் வேண்டாமெண்டு சொல்லேல்ல. லொறி வரேக்க வாங்கிக்கொள்ளுறன். லொறி எப்ப வருமெண்டு அல்லாஹ்வுக்கும் அந்த கராஜ்காரனுக்கும்தான் தெரியும்."

இரண்டு வேதக்காரரும் ஒரே கிழமையில் வயிற்றைக் காயப்போட ஆயத்தமாகிற வருஷம் பார்த்து, எங்கள் வீட்டில் மட்டும் கிறீம் மிஞ்சிக் கிடந்தது.

அம்மாதான் வழி கண்டுபிடித்தார். அம்மாவின் வழிகள் எப்போதும் இரண்டு வேலைக்கு உதவும்.

"தாழ்வுபாட்டுக்குக் கொண்டுபோ. மதலேனாளுக்குக் குடு. தபசு துவங்கமுன்னம் ஒரு சந்தோசத்துக்கு எண்டு சொல்லு. முடிவைப் பற்றி நீ கேக்காத. உன்ர முகத்தைப் பார்த்தா அவைக்கே ஞாபகம் வரும்."

தபசு என்கிற தவக்காலத்தில் எங்கள் பக்கம் கலியாணப் பேச்சு நடக்காது. இன்றைக்குப் பதில் வராவிட்டால் ஈஸ்டர்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை ஜெனிஸ்ராவை ஒரே வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு கதிரைக்குக் கதிரை மாறிக்கொண்டிருந்தாள்.

"மிச்சத்தைக் கொண்டுபோய்க் குடுக்கிறது வெக்கம் மாமி" என்றாள் கிருஷாந்தினி.

"மிச்சமெண்டு ஆர் அவைக்குச் சொல்லப் போகினம்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாயை அடக்கத் தெரியாதவன் என்று எனக்கு வீட்டில் ஒரு பெயர்.

கிருஷாந்தினி ஒரு பெரிய பிளாஸ்டிக் கானைக் கழுவிக் காயவைத்து, கிறீமைக் கழுத்துவரை நிரப்பினாள். "முட்ட நிரப்பினாத்தான் உள்ளுக்க தளும்பி அலம்பாது" என்றாள். ஈரச் சாக்கைச் சுற்றினாள். மோட்டார் சைக்கிளின் இடது பக்கத்தில் கட்டினாள். என் பயணத்துக்கு அவ்வளவு அழகாக ஒருவரும் ஆயத்தம் செய்ததில்லை. அம்மா கூப்பிட்ட குரலுக்கு அவள் உள்ளே போனாள்.

அப்போது பப்பா கடற்கரையால் வந்தார். வண்டியைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.

"ஆரடா பாரத்தை ஒரு பக்கம் ஏத்தினது?"

"கிருஷா."

"இலுப்பைக்கடவையில வள்ளம் ஓட்டுறேல்லையோ? ஒரு பக்கம் சாஞ்சா நீ சந்தி தாண்டமாட்டாய்." அதே மாதிரி இன்னொரு கானை எடுத்துவந்து, பாதியை அதற்குள் ஊற்றி, வலது பக்கத்தில் கட்டினார். முடிச்சு அவர் முடிச்சு. பாக்கு நீரிணையே எழும்பி வந்தாலும் அவிழாது. "இப்ப போ. சமனாப் போவாய்."

நான் மறுப்புச் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் பாரத்தை ஒரு பக்கம் ஏற்றினவர் கிடையாது. கோயிலில் அம்மா ஒரு பக்கமும் பப்பா மறுபக்கமும் இருப்பதுகூட அதற்காகத்தான் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

அப்படியாக, அலம்பாத ஒரு முழுக்கான், நன்றாக அலம்பக்கூடிய இரண்டு அரைக்கான்களாகத் தாழ்வுபாட்டுக்குப் புறப்பட்டது.

பெரிய தெருவில் ஒரு கரைச்சலும் இல்லை. இரண்டு பக்கமும் களக், பளக் என்று சத்தம். மன்னார் ரவுணுக்குக் கிட்டப் போகும்போது கழுதைக் கூட்டம் ஒன்று தெருவுக்குக் குறுக்கே நின்றது. மன்னார்க் கழுதை கோர்னுக்கு விலகாது. கெஞ்சினால் சிலவேளை விலகும். நான் கெஞ்சிக்கொண்டிருந்தபோது ஈரச் சாக்கு வெயிலில் காய்ந்து பப்படமாகிவிட்டது.

தாழ்வுபாட்டு ரோட்டைத் தண்ணீர்க் குழாய் போட வெட்டியிருந்தார்கள். மூடியிருந்தார்கள் என்றும் சொல்லலாம். நான் குதித்தேன். கான்கள் குதித்தன. என் வயிற்றுக்குள் இருந்த பழைய கிறீமும் குதித்தது. கொஞ்சத் தூரம் போனதும் களக் பளக் நின்றுவிட்டது. 'அப்பாடா, ஒருமாதிரி அடங்கிற்றுது' என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சத் தூரத்தில் வேறு சத்தம் தொடங்கியது. தொம். தொம். உள்ளே யாரோ கதவு தட்டுவதுபோல.

நான் கந்தோர் உத்தியோகத்தன். அடைத்த கானுக்குள்ளிருந்து யாராவது தட்டினால் திறந்து பார்ப்பது என் வேலையல்ல.

மதலேனாள் மாமி முற்றத்தில் கருவாடு பிரட்டிக்கொண்டிருந்தார். உயரமான மனுஷி. மீன் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கி அப்பால் வைத்துவிட்டு, "வாங்கோ தம்பி, கதிரையில இருங்கோ" என்றார்.

வழியெல்லாம் பாடமாக்கின வசனத்தைச் சொன்னேன். "தபசு துவங்கமுன்னம் ஒரு சந்தோசத்துக்கு அம்மா கொஞ்சம் கிறீம் தந்துவிட்டவ."

"கிறீமோ? நல்லது." ஒரு சட்டியைக் கொண்டுவந்து, கானைத் தூக்கிச் சரித்தார். மெல்லிய நீலம் பாரித்த தண்ணீர் வந்தது. மாமி சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"தம்பி, கிறீம் எண்டியள். மோர் வருகுது."

கானைக் குலுக்கினார். தொம்.

"உள்ளுக்க என்னவோ கிடக்கு."

மீன் வெட்டுகிற கத்தியை எடுத்துவந்து கானின் வயிற்றைக் கிழித்தார். உள்ளே, குழந்தையின் தலை அளவில், மஞ்சள் பூத்த ஒரு வெண்ணெய்க் கட்டி உட்கார்ந்திருந்தது. மற்றக் கானையும் கிழித்தார். அதற்குள் அதன் தம்பி.

இந்த இடத்தில் ஒரு நேர்மையான மனுஷன் என்ன சொல்லுவான்? 'மாமி, ரோட்டு அடிச்ச அடியில கிறீம் திரண்டு போச்சு' என்று சொல்லுவான். மாமி சிரித்திருப்பார். நானும் சிரித்திருப்பேன். கதை அதோடு முடிந்திருக்கும்.

"வெண்ணெய்தான் மாமி" என்றேன். "கிறீமில கடைஞ்சது. தங்கச்சி கடைஞ்சவ."

ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். என் வாய் எனக்கு முன்னால் போகிற வழக்கம்.

"ஆர், ஜெனிஸ்ராவோ?"

"ஓம்."

மாமி கானின் வாயைப் பார்த்தார். ஒரு எலுமிச்சங்காய் போகிற அகலம். வெண்ணெய்க் கட்டியைப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய கட்டியை இந்த வாயால என்னெண்டு தம்பி உள்ளுக்க விட்டவ?"

"உள்ளுக்கையே வைச்சுக் கடைஞ்சவ மாமி. கானைக் குலுக்கிக் குலுக்கி."

"ரெண்டு கானையுமோ?"

"கைக்கு ஒண்டு."

மாமி கருவாட்டுப் பாயின் ஓரத்தில் குந்திவிட்டார். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. அது மலர மலர என் முதுகு வியர்த்தது.

"நான் ஒளிக்காமச் சொல்லுறன் தம்பி. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தாப் பிறகு எனக்குப் பெரிசா மனமில்லை. பிள்ளை வடிவுதான். படிச்ச பிள்ளை. ஆனா தட்டைக் கொண்டு வரேக்க கை நடுங்கினது. எங்கட வீட்டில ஐஸ் பெட்டி தூக்கோணும், வலை உதறோணும். இந்தப் பிள்ளை சரிவருமோ எண்டு யோசிச்சன். அண்டைக்கு வெக்கத்தில நடுங்கியிருக்கு. கான் ரெண்டையும் குலுக்கி வெண்ணெய் எடுத்த கை எண்டால் அது கை!"

ஜெனிஸ்ராவின் கையை நான் இருபத்தைந்து வருஷமாகப் பார்க்கிறேன். அது போன் தூக்குகிற கை. ஜாம் போத்தல் மூடியைத் திறக்க என்னிடம்தான் கொண்டுவருவாள்.

மாமி வெண்ணெயைக் கிணற்றுத் தண்ணீரில் போட்டுப் பிசைந்து கழுவினார். "மோர் போகக் கழுவாட்டிப் புளிச்சுப்போம்" என்றார். உப்பை நுணுக்கிச் சேர்த்துப் பிசைந்தார். மோருக்குள் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வெட்டிப் போட்டு எனக்கொரு கோப்பை, தனக்கொரு கோப்பை. மிச்சம் இருந்ததை வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். ஒரு சொட்டும் நிலத்தில் விழவில்லை. ஒரு கட்டியைத் தான் வைத்துக்கொண்டு, மற்றதை ஒரு தகர ரின்னில் அடைத்து என்னிடம் தந்தார்.

"வெறுங்கையோட அனுப்பக் கூடாது. கொண்டுபோங்கோ. பின்னேரம் நான் அம்மாவோட கதைக்கிறன். நல்ல கதைதான்."

வீட்டுக்கு வந்தபோது அந்திப்பட்டுக்கொண்டிருந்தது. பப்பா முதலில் கேட்டது, "சமனாப் போனியோ?"

"நல்ல சமன் பப்பா. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில திரண்டது."

நான் நடந்ததைச் சொன்னேன். வெண்ணெய் திரண்டதை மட்டும். கிருஷாந்தினி ரின்னைத் திறந்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அடுப்புக் கல்லில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"மாமி, பாருங்கோ. அந்தச் சட்டிக் கிறீமில பாதி இவ்வளவுக்குள்ள. பிறீசரில வைச்சா மாசக்கணக்கில இருக்கும்!"

அம்மா ரின்னை வாங்கி மணந்து பார்த்தார். நகத்தால் கிள்ளி ருசி பார்த்தார். "உப்புப் போட்டிருக்கு. அப்ப இது இனிப்புச் சாமான் இல்லை" என்று தவக்காலச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். "பெரியநாள் கேக்குக்கு வைக்கலாம்."

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"மதலேனாள் மாமி என்ன சொன்னவ?" என்று ஜெனிஸ்ரா கேட்டாள்.

"உன்ர கை நல்ல கையாம்."

"என்ர கையோ?"

அதற்குப் பிறகு நான் எல்லாவற்றையும் சொல்லவேண்டி வந்தது. கைக்கு ஒரு கான் என்ற இடத்தில் பப்பா மட்டும் சிரித்தார். பிறகு அவரும் நிறுத்திவிட்டார்.

கிருஷாந்தினி ரின்னின் மூடியைப் போட்டாள். துணியால் துடைத்தாள். துடைத்ததையே திரும்பவும் துடைத்தாள்.

"பரவாயில்லை" என்றாள்.

கலியாணம் முடித்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சொல்லுக்குப் பிறகு குடையை விரிக்க வேண்டும்.

"கிருஷா, நான் வேணுமெண்டு..."

"பரவாயில்லையப்பா. நல்லது நடந்தாச் சரிதானே." ஐஸ்கட்டித் தட்டுகளை எடுத்துக் கழுவினாள். கணவாய் மை போக உரஞ்சினாள். "மாமி, அதிபர் வீட்டுக்கு நாளைக்குச் சொல்லிவிடுறன். ஓடர் வேண்டாமெண்டு."

"ஏன்?" என்றார் அம்மா. "கிறீம் கொட்டுப்படேல்லயே. கொட்டினாத்தானே நான் வேண்டாமெண்டனான்."

"கொட்டேல்ல மாமி. ஆனா நான் இனிப் புடிங் செய்தா, தாழ்வுபாட்டார் கேட்டா ஆர் செய்தது எண்டு சொல்லுறது? ஒரு நாளைக்கு ஜெனிஸ்ரா செய்தது. இன்னொரு நாளைக்கு வேற ஆரும். நான் பிறத்தியாற்ற பேருக்குச் செய்துகொண்டு இருக்க, ஓடர் எதுக்கு?"

சத்தமாகச் சொல்லவில்லை. தட்டைக் கழுவுகிற தண்ணீர்ச் சத்தத்துக்குள் பாதி போய்விட்டது. ஆனாலும் குசினியில் நின்ற நாலு பேருக்கும் கேட்டது. நான் என் செருப்பைப் பார்த்தேன். அது என்னை விட நல்ல நிலையில் இருந்தது.

அப்போது அம்மாவின் போன் அடித்தது. தாழ்வுபாடு.

அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டுத்தான் கதைப்பார். மதலேனாள் மாமியின் குரல் குசினியை நிறைத்தது.

"றஞ்சினி அக்கா, வெண்ணெய் அருமை! இவரும் ருசி பார்த்திட்டார். மகனும் பார்த்திட்டான். இந்தக் காலத்தில ஆர் கையால கடையினம்? தபசு துவங்கமுன்னம் ஒரு வார்த்தை சொல்லுவமெண்டுதான் எடுத்தனான்..."

ஜெனிஸ்ரா இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். பாவம், அவளுக்கு அந்தப் பெடியனை உண்மையாகவே பிடித்திருந்தது.

"எங்களுக்குச் சம்மதம் அக்கா. பிள்ளையின்ர கையைக் கண்டாப் பிறகு எனக்கு வேற யோசனை இல்லை."

இனி அம்மாவின் முறை. 'சந்தோசம்' என்று ஒரு சொல் போதும். ஜெனிஸ்ரா வாயால் அந்தச் சொல்லைச் சத்தமில்லாமல் உருவாக்கி அம்மாவுக்குக் காட்டினாள். பப்பா தலையை மேலும் கீழும் ஆட்டினார். நானும் ஆட்டினேன். கிருஷாந்தினி மட்டும் எங்களுக்கு முதுகு காட்டித் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். தட்டு எப்போதோ வெளுத்துவிட்டது.

அம்மா அந்த முதுகைப் பார்த்தார்.

"மதலேனாள்" என்றார். "உம்மோட ஒரு கதை கதைக்கோணும். என்ர மகன் உம்மட்டப் பொய் சொல்லிப்போட்டு வந்திருக்கிறான்."

"அம்மா!" என்றாள் ஜெனிஸ்ரா.

"ஜெனிஸ்ராவுக்கு வெண்ணெய் கடையத் தெரியாது. முட்டை உடைச்சா ஓட்டையும் சேர்த்துத்தான் போடுவாள். அது கடைஞ்ச வெண்ணெயும் இல்லை. ரோட்டில குலுங்கித் திரண்டது. அந்தக் கிறீம் என்ர மருமகளின்ர. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட புடிங்கும் அவள் செய்ததுதான். ஒரு சொட்டுக் கொட்டாம வைச்சிருந்தவளும் அவள்தான். கொட்டினா அவளின்ர புடிங் ஓடரை விடோணுமெண்டு நான் சொன்னனான். அதுவும் என்ர பிழை. இப்ப சொல்லும், உமக்குச் சம்மதமோ இல்லையோ."

கிருஷாந்தினியின் கையிலிருந்த தட்டில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. அவள் குழாயைப் பூட்டவில்லை.

போனுக்குள் தூரத்தில் கோழி ஒன்று கொக்கரித்தது கேட்டது.

"அப்பிடியோ" என்றார் மதலேனாள் மாமி கடைசியில். "பொறுங்கோ அக்கா. நான் திருப்பி எடுக்கிறன்."

போன் கட்டாகிவிட்டது. ஜெனிஸ்ரா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தினாள் என்று எழுதலாம், ஆனால் அந்தக் கைக்கு அவ்வளவு பெலன் இல்லை.

"என்னத்துக்கு என்னைப் பாக்கிறியள்?" என்று அம்மா பப்பாவிடம் பாய்ந்தார். "எழும்பி அந்தக் கணவாயை ஒரு பக்கம் தள்ளுங்கோ. பிறீசரில பாதி மருமகளுக்கு. நடுவில பலகை வைச்சுவிடுங்கோ. மை இந்தப் பக்கம் வந்தா உங்களைத்தான் அதுக்குள்ள வைப்பன்."

"பாதியோ? கணவாய்க்கு இடம் காணாதடி."

"ரெண்டு பக்கமும் சமனா இருக்கோணுமெண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்."

கிருஷாந்தினி திரும்பினாள். முகம் நனைந்திருந்தது. குழாய்த் தண்ணீர் தெறித்ததாக இருக்கலாம். நான் கேட்கவில்லை. எனக்கும் சில நேரம் வாயை மூடத் தெரியும்.

"மாமி, ஜெனிஸ்ராவின்ர காரியம்..."

"அது அவளின்ர கையில. அவளின்ர சொந்தக் கையில" என்றார் அம்மா.

பப்பா பிறீசருக்குள் தலையை விட்டுக் கணவாய்களை இழுத்துக்கொண்டிருந்தபோது போன் மறுபடி அடித்தது. அறைக் கதவு ஒரு விரல் அகலம் திறந்தது. அம்மா போனை எடுத்தார்.

"றஞ்சினி அக்கா" என்றது மதலேனாள் மாமியின் குரல். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "உங்கட மருமகள் பக்கத்தில நிக்கிறாவோ? அவவிட்டக் குடுங்கோ. அந்தச் சத்தம் போடுற வேலையை நிப்பாட்டிப்போட்டுக் குடுங்கோ. நான் அவவோட தனியக் கதைக்கோணும்."

அம்மாவுக்கு அந்தப் பொத்தானை எங்கே அமத்துவது என்று தெரியாது. நான் அமத்திக் கொடுத்தேன்.

கிருஷாந்தினி கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினாள். "ஓம் மாமி... ஓம், கிருஷாந்தினிதான் கதைக்கிறன்... ஓம்..."

பிறகு அவள் நெடுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். ஒருதரம் என்னைப் பார்த்தாள். ஒருதரம் அறைக் கதவின் இடுக்கைப் பார்த்தாள். அவளுடைய புருவம் மெதுவாக உயர்ந்தது. "அது நான் சொல்ல ஏலாது மாமி, ஜெனிஸ்ராதான் சொல்லோணும்" என்றாள். போனைக் காதோடு பொத்திக்கொண்டு, எங்கள் எல்லாரையும் குசினியில் விட்டுவிட்டு, இருண்டுகொண்டிருந்த முற்றத்துக்கு இறங்கிப் போனாள். மிச்சக் கதை வருகிற கிழமை.